அடிக்காமல் விட்ட இடங்கள்: கென்டக்கி கர்னல்ஸின் ‘அப்பலாச்சியன் ஸ்விங்’

அமெரிக்க மலைநாட்டு இசை வகையான புளூகிராஸை வாசிக்கும் குழுவில் குரல் மெலிந்த கருவி கிட்டார்தான். தோல் போர்த்திய தந்திக்கருவியான பாஞ்சோவின் கணீர் ஒலிக்கும், ஃபிடில் எனப்படும் வயலினின் நீண்ட வில்லிழுப்புக்கும் முன்னால் அது எழுந்து பேசுவது கடினம். அதனாலேயே, 1940-களில் பில் மன்றோவின் குழுவில் இந்த இசை உருப்பெற்றது முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், கிட்டார்க்காரரின் வேலை பாடகருக்குப் பின்னால் தாளம் காப்பதும், வரி முடியும் இடத்தில் கீழ்த்தந்திகளில் சிறியதோர் ஓட்டம் கொடுத்து அடுத்த வரிக்கு வழிவிடுவதுமாகவே இருந்தது. அப்படிப்பட்ட கருவியைக் கேட்பதற்காகவே ஓர் இசைத்தட்டை வாங்குங்கள் என்று சொல்லும்போது அதற்குரிய காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1964-ஆம் ஆண்டு கென்டக்கி கர்னல்ஸ் குழு வெளியிட்ட ‘அப்பலாச்சியன் ஸ்விங்’ தட்டில் பன்னிரண்டு மெட்டுகள் இருக்கின்றன. எதிலும் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் அரை மணி நேரம் ஆகாது. அதில் கிட்டார் வாசித்த கிளாரன்ஸ் வைட்டுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. பல ஆண்டுகளாக இந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன்; இன்றும் அதில் எனக்குப் பிடிபடாத இடங்கள் இருக்கின்றன.

குழுவின் பெயரில் கென்டக்கி இருந்தாலும் வைட் சகோதரர்கள் அந்த மாநிலத்துக்காரர்கள் அல்லர். கிளாரன்ஸ் பிறந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் ஊரில், 1944 ஜூன் 7-ஆம் நாள். குடும்பம் 1954-இல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் ரோலண்ட் மாண்டலினும், இன்னொரு சகோதரர் எரிக் பாஸும் வாசிக்க, பிள்ளைகள் மூவரும் முதலில் ‘த்ரீ லிட்டில் கன்ட்ரி பாய்ஸ்’ என்ற பெயரில் மேடையேறினார்கள். பிறகு ஆட்கள் சேரச்சேரப் பெயரும் மாறியது. 1961-இல் ரோலண்ட் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். மாண்டலின் இல்லாமல் குழுவில் ஏற்பட்ட வெற்றிடத்தை யாராவது நிரப்ப வேண்டியிருந்தது. அதுவரை தாளம் மட்டுமே வாசித்துவந்த தம்பி கிளாரன்ஸ் மெட்டையும் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய அண்ணன், தான் விட்டுச்சென்ற தம்பியைக் காணவில்லை. முழுக்க வேறொரு கிட்டார்க் கலைஞரையே கண்டார். இந்தத் தட்டின் குணத்தைப் புரிந்துகொள்ள இந்தக் குடும்பக் கதை அவசியம் என்று நினைக்கிறேன். தாளத்தில் ஊறிய கை பிற்பாடு மெட்டுக்கு வந்தது என்பதுதான் கிளாரன்ஸின் வாசிப்பில் நாம் கேட்கும் எல்லாவற்றுக்கும் வேர்.

தட்டில் வாசித்தவர்கள் ஆறு பேர். கிளாரன்ஸும் ரோலண்டும் போக, பாஞ்சோவில் பில்லி ரே லேதம், பாஸில் ரோஜர் புஷ், ஃபிடிலில் பாபி ஸ்லோன், தந்திகளின் மேல் உலோகத் துண்டைச் சறுக்கி வாசிக்கும் கிட்டார் வகையான டோப்ரோவில் லீராய் மேக். வெளியிட்டது லாஸ் ஏஞ்சலீஸின் வேர்ல்டு பசிஃபிக் நிறுவனம். அது அடிப்படையில் ஜாஸ் தட்டுகள் போட்ட நிறுவனம். ரவி சங்கரின் சிதாரை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுசேர்த்ததும், பின்னாளில் நம் எஸ். பாலசந்தரின் வீணையை அங்கே வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். மலைநாட்டு இசையை அந்த நிறுவனத்துக்காகப் பதிவுசெய்ய வந்தவர்கள் பாட்டுகளை முற்றிலும் ஒதுக்கிவிட்டுக் கருவிகளை மட்டும் பேசவைத்ததும், தலைப்பில் ‘ஸ்விங்’ என்ற ஜாஸ் சொல் இடம்பெற்றதும் எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகின்றன.

கிளாரன்ஸ் கையாண்ட பிளாட்பிக்கிங் முறை என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்துவிட்டு மேலே போகலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முக்கோண வடிவத் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் முனை ஒன்றாலேயே மெட்டு முழுவதையும் மீட்டும் முறை அது. அந்தத் தகட்டைத்தான் பிக் என்கிறோம். விரல்களால் மீட்டுபவருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு தந்திகளைத் தொட வழி உண்டு; பிக் பிடித்தவருக்கு இருப்பதெல்லாம் ஒரு முனைதான். கீழே ஓர் அடி, மேலே ஓர் அடி என்று கை கடிகாரத்தின் ஊசல்போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தாளத்தின் மேல் விழும் ஸ்வரத்துக்குக் கீழ்வீச்சு, இரண்டு தாள அடிகளுக்கு நடுவே விழும் ஸ்வரத்துக்கு மேல்வீச்சு என்பது பொது விதி. விரைவான மெட்டில் இந்த ஆட்டம் ஒரு கணம் பிசகினாலும் வாசிப்பவர் மெட்டைவிட்டே வெளியே விழுந்துவிடுவார்.

இதன் மேல் குறுக்கு மீட்டு என்றொரு நுட்பம் உண்டு. அடுத்தடுத்த மூன்று தந்திகளில் பிக்கை உருட்டிக்கொண்டே போவது அது. எட்டு அடிகள் கொண்ட அளவை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து உருட்டுவார்கள். நம் வாயால் சொல்லிப் பார்த்தால் தகிட தகிட தக. பாஞ்சோ வாசிப்பவர் மூன்று விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு இதே உருட்டலைச் செய்கிறார். கிட்டார்க்காரர் ஒரே பிக்கை வைத்துக்கொண்டு, தந்திவிட்டுத் தந்தி தாவி, அதே அடர்த்தியைக் கொண்டுவர வேண்டும். ஸ்டான்லி சகோதரர்களின் குழுவில் ஜார்ஜ் ஷஃப்ளர் இந்த முறையைப் பெயர்பெறச் செய்தார். பாஞ்சோவுக்குப் புகழ்பெற்ற டான் ரீனோவும் 1950-களிலேயே கிட்டாரில் பிக்கைக்கொண்டு தனிவாசிப்பு செய்திருக்கிறார். காம்ப்டன் நகரிலிருந்து ஒளிபரப்பான ‘டவுன் ஹால் பார்ட்டி’ நிகழ்ச்சியில் இரட்டைக்கழுத்து மின்கிட்டாரில் ஜோ மேஃபிஸ் காட்டிய வேகம் கலிஃபோர்னியாவில் வளர்ந்த பிள்ளைகளின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் கிளாரன்ஸின் கையைத் திருப்பிவிட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் டாக் வாட்சன்.

வட கரோலைனாவின் டீப் கேப் பகுதியைச் சேர்ந்த வாட்சன் கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர். 1950-களில் நடனக்குழு ஒன்றில் மின்கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவில் ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. ஆட வந்தவர்களோ ஃபிடில் மெட்டுகளைக் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த மெட்டுகளை அவர் கிட்டாரில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வாசித்துப் பழகினார். வில் இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகும் மெட்டை ஒவ்வோர் ஸ்வரத்துக்கும் ஓர் அடி என்று பிக்கால் வாசிப்பது எத்தகைய உழைப்பு என்பதை, ஒரே ஒரு ஃபிடில் மெட்டையாவது பழகிப்பார்த்தவர்கள் அறிவார்கள். 1960-களின் தொடக்கத்தில் வாட்சன் லாஸ் ஏஞ்சலீஸின் ஆஷ் குரோவ் அரங்கில் வந்து வாசித்தபோது கிளாரன்ஸ் அருகிலிருந்து கேட்டார். கிட்டார் முன்னால் வந்து நிற்கலாம் என்ற துணிவு அவருக்கு அங்கே கிடைத்தது. ஆனால் வாட்சனைப்போலவே வாசிக்க அவர் முயலவில்லை என்பதுதான் இந்தத் தட்டை இன்றைக்கும் கேட்கத் தகுந்ததாக வைத்திருக்கிறது.

வாட்சனின் வாசிப்பு ஓடும் நீர். ஸ்வரங்கள் சீராக, தெளிவாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். கேட்பவருக்கு நிறைவு கிடைக்கும். கிளாரன்ஸோ நாம் காத்திருக்கும் இடத்தில் ஸ்வரத்தைக் கொடுக்க மாட்டார். மெட்டின் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் கை சும்மா போய்வரும். அரை அடி தள்ளி ஸ்வரம் விழும். சில இடங்களில் அதற்கு நேர்மாறாக, தாளம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுவார். நம் கச்சேரிகளில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியிலிருந்து தள்ளிப்போகும் பாட்டுகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதன் சுவை உடனே புரியும். கை ஊசல்போல ஆடிக்கொண்டே இருக்கிறது என்று மேலே சொன்னேன். அந்த ஆட்டத்தை நிறுத்தாமல், எந்த வீச்சில் தந்தியைத் தொடுவது, எந்த வீச்சில் தொடாமல் காற்றிலேயே கடந்துபோவது என்று தேர்ந்துகொள்வதுதான் அவருடைய கலை. மற்றவர்கள் கூடுதல் ஸ்வரங்களால் வேகத்தைக் காட்டிய காலத்தில் அவர் ஸ்வரங்களைக் கழித்துக்கொண்டே போனார். கழித்த பிறகும் மெட்டு குலையாமல் நிற்கிறது என்றால், விட்ட இடங்களையும் சேர்த்து அவர் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

இதைத் தெளிவாகக் கேட்க ஐந்தாவது மெட்டான ‘பில்லி இன் த லோகிரவுண்ட்’ நல்ல இடம். பழைய ஃபிடில் மெட்டு அது; சி மேஜர் என்ற ஸ்வரக்கட்டில் தொடங்கி ஏ மைனர் என்ற ஸ்வரக்கட்டுக்கு இறங்கித் திரும்பும் இரண்டு பகுதிகள். மெட்டு நன்றாக மனத்தில் பதிந்த பிறகு கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். சி-யிலிருந்து ஏ மைனருக்கு இறங்கும் திருப்பத்தில் ஃபிடில்காரர்கள் பொதுவாக ஓர் அழுத்தம் கொடுப்பார்கள். கிளாரன்ஸ் அந்த அழுத்தத்தை இடம்மாற்றுகிறார். ஸ்வரங்கள் அப்படியே இருக்க, கனம் மட்டும் பக்கத்து ஸ்வரத்துக்குப் போய்விடுகிறது. முதலில் இதைக் கேட்டபோது, பதிவில் ஏதோ பிசகு என்றே நினைத்தேன். பிறகு வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, மேசையில் கையால் தாளம் தட்டிக்கொண்டே கேட்டேன். என் கைதான் தடுமாறியது, கிட்டார் தடுமாறவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவர் மிகச் சரியாக வந்து இறங்கினார். அந்த இறக்கத்தின் நிதானத்தைக் கேட்ட பிறகுதான், நடுவில் அவர் எடுத்துக்கொண்ட உரிமைகள் அனைத்தும் கணக்குக்கு உட்பட்டவை என்பது எனக்குத் தெரிந்தது.

தட்டின் உச்சம் என்று நான் கருதுவது ஏழாவதாக வரும் ‘ஐ ஆம் எ பில்கிரிம்’. வழிபாட்டுப் பாடலாகப் பிறந்து, 1940-களில் மெர்ல் டிராவிஸ் பாடிப் பதிவுசெய்த பிறகு கிட்டார்க்காரர்கள் எல்லோருடைய கைக்கும் வந்து சேர்ந்த மெட்டு அது. நடையின் வேகம் மிதமானது, அவசரம் எதுவுமில்லை. வேகமான மெட்டில் குறைகளை மறைத்துவிடலாம். இத்தகைய நடையில் ஒவ்வொரு ஸ்வரத்தின் பிறப்பும் இறப்பும் கேட்கும். கிளாரன்ஸ் இங்கே மெட்டை வாசிக்கிறார் என்பதைவிட, மெட்டின் ஓரமாக நடந்துவருகிறார் என்பது பொருந்தும். பாடுபவர் மூச்சுவிடும் இடங்களில் ஒரு சொல் சொல்கிறார்; சொல் வர வேண்டிய இடத்தில் காத்திருக்கிறார். இடக்கை விரல் தந்தியை இலேசாகத் தள்ளி ஸ்வரத்தை அரைப்படி வளைத்து ஏற்றும்போது, கம்பி மரத்தின் மேல் உரசும் ஓசைகூடக் கேட்கிறது. பிக்கைப் பிடித்த கையின் மீதி விரல்களையும் தந்தியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு; அதனால் கீழ்த்தந்தியில் ஒரு குரலும் மேல்தந்தியில் அதற்குப் பதிலுமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல இருக்கிறது. மற்ற கருவிகள் குரலைத் தாழ்த்தி இடம்விட்டு நிற்கின்றன. இவ்வளவு சிறிய கருவிக்காக ஒரு குழு முழுவதும் அடங்கி நிற்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகிறது.

கிளாரன்ஸ் முன்னால் வராத மெட்டுகளைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தட்டைத் தொடங்கிவைக்கும் ‘கிளிஞ்ச் மவுண்டன் பேக்ஸ்டெப்’ ரால்ஃப் ஸ்டான்லியின் பாஞ்சோ மெட்டு. அதன் இரண்டாம் பகுதியில் கணக்குக்கு மேல் ஓர் அடி கூடுதலாக நீளும். பழக்கமில்லாத தாளக்காரர் அந்த இடத்தில் இடறுவார். ‘லீ ஹைவே புளூஸ்’, ‘சாலி குடின்’ இரண்டும் ஃபிடிலின் களம். பாபி ஸ்லோன் அவற்றை முழு வீச்சில் வாசிக்கிறார். இந்த மெட்டுகளிலெல்லாம் கிட்டாரின் வேலை பின்னால் நின்று தாங்குவது. ஆனால் கிளாரன்ஸின் தாளம், ‘பூம்-சக்’ என்று நான்கு தப்படி போடும் வழக்கமான தாளமாக இல்லை. ஒரு சுற்றில் பாஸ் தந்தியில் சிறு ஏணி ஏறுவார். அடுத்த சுற்றில் அதே இடத்தைக் காலியாக விடுவார். அதற்கடுத்த சுற்றில் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி ஓசையை நறுக்குவார். ஃபிடில் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அதற்கு முன்பே அறிந்தவர்போல வழி அமைத்துக்கொடுக்கிறார். தனிவாசிப்பில் அவர் செய்யும் அத்தனை துணிச்சலுக்கும் பயிற்சிக்களம் இதுதான் என்று தோன்றுகிறது. கிட்டார் பழகும் நண்பர்கள் தனிவாசிப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் பின்வாசிப்பை மட்டும் ஒரு மாதம் கேட்டால் அவர்களுடைய கை மாறிவிடும்.

மீதி மெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நைன் பவுண்ட் ஹேமர்’ தட்டிலேயே மிகவும் பளிச்சென்ற வாசிப்பு. குறுக்கு மீட்டு எப்படி ஒலிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். ‘லிசன் டு த மாக்கிங் பேர்ட்’ மேடையில் பறவையொலிகளைக் கருவியில் காட்டிக் கைத்தட்டு வாங்கப் பயன்பட்ட பழைய மெட்டு; இவர்கள் அதன் இனிமையைக் கெடுக்காமல் கையாண்டிருக்கிறார்கள். பாப் வில்ஸின் ‘ஃபேடட் லவ்’ நெஞ்சைத் தொடும் மெட்டுதான். ஆனாலும் இந்தக் குழுவின் இயல்பான வேகத்துக்கும் அதற்கும் முழுப் பொருத்தம் அமையவில்லை என்பது என் கருத்து. ‘ஜான் ஹென்றி’, ‘வைல்ட் பில் ஜோன்ஸ்’, ‘பிரிசனர்ஸ் ஸாங்’ மூன்றிலும் வாசிப்பில் குறை கிடையாது, வியப்பும் அதிகம் கிடையாது. கடைசியாக வரும் ‘ஃபிளாட் ஃபோர்க்’ உற்சாகமாக ஓடி முடிகிறது.

கிளாரன்ஸின் பெயருடன் எப்போதும் சேர்த்துப் பேசப்படும் கிட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935-இல் மார்ட்டின் நிறுவனம் செய்த டி-28 வகைக் கிட்டார் அது. வரிசை எண் 58957. பெரிய உடலும் ரோஸ்வுட் முதுகும் பக்கங்களும் கொண்ட அந்த வகை, கீழ்த்தந்திகளின் கனத்துக்குப் பெயர்போனது. சான்டா மோனிகாவின் மெக்கேப்ஸ் கிட்டார்க் கடையில் அடிபட்டுக் கிடந்த அதை மிகச் சொற்ப விலைக்கு அவர் வாங்கினார். யாரோ முன்பே அதன் ஒலித்துளையைச் சுரண்டிப் பெரிதாக்கியிருந்தார்கள், விரல்பலகையும் மாற்றப்பட்டிருந்தது. பின்னாளில் அது கைமாறி மறைந்துபோக, சிறுவனாக இருந்தபோது கிளாரன்ஸின் கையில் அதைப் பார்த்து வாசித்தும் பார்த்திருந்த புளூகிராஸ் கிட்டார்க் கலைஞர் டோனி ரைஸ் 1975-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்து 550 டாலருக்கு வாங்கினார். அதன் பிறகு வந்த தலைமுறையின் பிளாட்பிக்கிங் ஒலி பெருமளவு அந்த மரத்திலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். இருந்தாலும் புகழ் முழுவதையும் கருவிக்குக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே கிட்டாரில் இந்த இருவரும் எழுப்பிய ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்டால், ரைஸின் கையில் அது வேறு குரலில் பேசுவது தெரியும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை பதிவின் சமநிலை. பாஞ்சோவும் ஃபிடிலும் முழு ஒலியில் வரும்போது கிட்டார் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. மேலே நான் வியந்து சொன்ன பின்வாசிப்பை மேசை ஒலிபெருக்கியில் கேட்டால் பாதிதான் காதுக்கு எட்டும். நல்ல தலையணி ஒலிபெருக்கி தேவை. இரண்டாவது, நீளம். எந்த மெட்டும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. அன்றைய வானொலிப் பழக்கத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ‘பில்கிரிம்’ போன்ற வாசிப்பு இன்னும் இரண்டு சுற்று நீண்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிறது. மூன்றாவது, சில மெட்டுகளில் டோப்ரோவின் சறுக்கொலி கிட்டார் விட்டுவைக்கும் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. வேறொரு குழுவில் அதைக் குறையாக நினைக்க மாட்டேன். வெற்றிடத்தையே சொத்தாக வைத்திருக்கும் கலைஞரின் பக்கத்தில் அது உறுத்துகிறது.

கிட்டாரை மட்டும் எதிர்பார்த்து இதை வாங்குபவர்கள் ஏமாறக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது குழுவின் தட்டு. ஆறு பேரும் முறைவைத்து முன்னால் வருகிறார்கள். கிளாரன்ஸின் தனிவாசிப்புகளை மட்டும் வெட்டியெடுத்துச் சேர்த்தால் சில நிமிடங்களே தேறும். கிட்டாரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, 1962-இல் கிளாரன்ஸ் வீட்டில் பதிவுசெய்து, பல பத்தாண்டுகள் கழித்து 2000-த்தில் தட்டாக வந்த ‘33 அக்கூஸ்டிக் கிட்டார் இன்ஸ்ட்ருமென்டல்ஸ்’ பொருத்தமாக இருக்கும். அதில் துணைக்கு ரோஜர் புஷ் கிட்டாரில் தாளம் மட்டும் வாசிக்கிறார். வேறு கருவி கிடையாது. பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவரின் கையை மிக அருகிலிருந்து பார்ப்பதுபோன்ற அனுபவம் அது. ஆனால் பின்னால் நின்று தாங்குவதும் முன்னால் வந்து பேசுவதும் ஒரே கையின் இரண்டு வேலைகள் என்பதை அந்தத் தொகுப்பு காட்டாது; அதற்கு ‘அப்பலாச்சியன் ஸ்விங்’தான் வேண்டும்.

எந்த வடிவத்தில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பழைய எல்.பி. தட்டு மேல் ஆசைப்பட்டு, கீறல் இல்லை என்று உறுதிசொன்ன ஒருவரிடம் அஞ்சலில் வரவழைத்தேன். உறையைப் பிரித்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது, ஓரத்திலிருந்து உள்நோக்கி நகம் நீளத்துக்கு ஒரு கோடு. ஊசி அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று துள்ளியது. வேறு இசையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஸ்வரம் அரை அடி தள்ளி விழுவதை உற்றுக் கேட்க உட்கார்ந்தவனுக்கு, தாளத்துக்கு ஒட்டாத அந்த ‘டக்’ ஒவ்வொன்றும் கணக்கைக் கலைத்துவிட்டது. திருப்பி அனுப்பக் கேட்டும் பதில் வரவில்லை. எனவே, நேரில் பார்த்து வாங்க முடியாத எல்.பி.யைத் தவிர்த்துவிடுங்கள். குறுந்தட்டாகவும் இது மறுவெளியீடு கண்டிருக்கிறது. கீறலின் தொல்லை இல்லாத பதிப்பில் கேட்பதே இந்த வாசிப்புக்குச் செய்யும் மரியாதை.

இந்தத் தட்டு வெளிவந்த 1964-இல்தான் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் கால்வைத்தது. நாட்டார் இசைக்கு இருந்த மவுசு சட்டென்று குறைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கர்னல்ஸ் குழுவும் கலைந்தது. கிளாரன்ஸ் மின்கிட்டாருக்கு மாறினார். டிரம்ஸ் வாசிப்பவரான ஜீன் பார்சன்ஸுடன் சேர்ந்து, தோள்வாரை இழுத்தால் ஒரு தந்தியின் சுருதி உயரும்படியான பொறியை டெலிகாஸ்டர் கிட்டாருக்குள் அமைத்தார். 1968-இல் பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழுவில் சேர்ந்தார். 1973 ஜூலையில், பாம்டேல் ஊரில் நிகழ்ச்சி முடிந்து கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவரின் கார் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஏழாவது மெட்டைப் போட்டால், முதல் ஸ்வரம் விழ வேண்டிய இடத்தில் இப்போதும் நான் ஒரு கணம் முந்திவிடுகிறேன். அவர் தம் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பிறகே தந்தியைத் தொடுகிறார்.